சுட்ட கூடு வெளியே வர மறுத்தால்

போல்ட் ரைபிளில், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற பூட்டுத் தண்டைக் கையால் திறந்து மூடும் துப்பாக்கியில், சுட்ட தோட்டாவின் கூடு சேம்பரை (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) விட்டு வரவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது எக்ஸ்ட்ராக்டர்தான். போல்ட் முகப்பில் இருக்கும் அந்தச் சின்னக் கொக்கி தேய்ந்துவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்று துப்பாக்கி பிடித்த எல்லாரும் சொல்வார்கள். கொக்கிக்கு உள்ள வேலை இழுப்பது மட்டும். கூடு ஏன் சேம்பரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்க்காமல் இன்னும் பலமான கொக்கியைப் போட்டால், கூட்டின் விளிம்பு பிய்ந்து வரும், கூடு உள்ளேயே கிடக்கும். அதனால் நான் கொக்கியைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன்.

நான் இருப்பது நியூசிலாந்தின் வடக்குத் தீவில். இங்கே மான் மண்ணுக்குச் சொந்தமான விலங்கு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்து விட்டவை பெருகிவிட்டன. அவற்றைத் தின்ன வேறு விலங்கு கிடையாது. இளம் மரக்கன்றுகளை மேய்ந்து காட்டைக் கெடுக்கின்றன. அதனால் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையே இலவசமாக அனுமதி கொடுத்து வேட்டையாட விடுகிறது. 2019 கிரைஸ்ட்சர்ச் தாக்குதலுக்குப் பிறகு செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை தடைசெய்யப்பட்டன. மலையேறுகிறவர்கள் கையில் பெரும்பாலும் பார்ப்பது போல்ட் ரைபிள்தான். இன்னொன்று, இங்கே சைலன்சர் சட்டப்படி வாங்கலாம், வேட்டைக்காரர்களில் நிறையப் பேர் அதை மாட்டித்தான் சுடுகிறார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

என்னிடம் இருப்பது .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவைப் போடும், பழசாக வாங்கிய ஒரு ரைபிள். ரைபிள் எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே அவசியமில்லை, கோளாறு அவர்களுடையதும் இல்லை. கடைத் தோட்டாதான் போடுவேன். முதல் குண்டு சுட்டதும் கூடு ஓரளவு சாதாரணமாக வரும். பேரல் சூடானதும் கதை மாறும். கைப்பிடி மேலே எழும், ஆனால் போல்ட் பின்னால் வராது. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால்தான் விடும். டாரருவா மலையடிவாரத்தில் ஒரு நாள் அதுவும் பலிக்கவில்லை. கூட வந்த யாழ்ப்பாணத்துத் தம்பி பார்த்துவிட்டு, "அண்ணை, எக்ஸ்ட்ராக்டரை மாத்திப் போடுங்கோ, பிறகு ஒரு பிரச்சினையும் வராது" என்றான்.

காட்டில் இப்படி மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். பேரல் பத்திரமான திசையைப் பார்த்து இருக்கட்டும், விரல் விசையைத் தொடக் கூடாது, மேகசினைக் கழற்றிவிடுங்கள். உள்ளே இருப்பது வெடித்து முடிந்த கூடா, வெடிக்காத தோட்டாவா என்பதுதான் முதல் கேள்வி. விசையை அழுத்தி 'டிக்' என்று மட்டும் கேட்டு, வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. சில சமயம் வெடிமருந்து தாமதமாகப் பற்றும். துப்பாக்கியைப் பத்திரமான திசையிலேயே பிடித்துக்கொண்டு ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

கல்லை எடுத்துக் கைப்பிடியை அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பல ரைபிள்களில் கைப்பிடி போல்ட்டோடு ஒரே இரும்பாக வார்த்தது இல்லை, தனியாகச் செய்து பற்றவைத்தது. அடித்தால் கழன்று கையில் வரும். பின்கட்டையைத் தரையில் மோதிக்கொண்டே கைப்பிடியை இழுக்கும் வித்தையும் உண்டு. அப்போது பேரலின் வாய் எங்கே பார்க்கிறது என்று யோசித்தால் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். உள்ளே வெடிக்காத தோட்டா சிக்கியிருந்தால், அல்லது அப்படி ஒரு சந்தேகம் இருந்தாலே, பேரலின் வாய் வழியாகக் கம்பி விட்டுத் தட்டுகிற பேச்சே கூடாது. வெடித்த கூடுதான் என்று கண்ணால் பார்த்து உறுதியானால், போல்ட்டைக் கழற்ற முடிந்தால், சுத்தம் செய்யும் கம்பியை வாய்ப் பக்கமிருந்து விட்டு மெல்லத் தட்டி எடுக்கலாம். இல்லையென்றால் அன்றைய வேட்டை முடிந்தது. துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித்துக்குப் போன் செய்து நிலைமையைச் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, கூடு ஏன் ஒட்டுகிறது?

.308க்கு அமெரிக்கத் தொழில் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் பித்தளைக் கூடு உப்பி சேம்பர் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். அது வேண்டியதுதான், அப்படி ஒட்டுவதால்தான் சூடான வாயு பின்னால் நம் முகத்துக்கு வராமல் இருக்கிறது. சேம்பரின் எஃகும் அந்தக் கணத்தில் ஒரு துளி விரியும். குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் எஃகு பழைய அளவுக்குத் திரும்பும். பித்தளையும் சுருங்கும், கொஞ்சம் கூடுதலாகவே சுருங்கும். இரண்டுக்கும் நடுவில் விழும் மயிரிழை இடைவெளியில்தான் கூடு வழுக்கி வெளியே வருகிறது. அந்த இடைவெளி விழாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. அழுத்தம் அளவுக்கு மீறினால் பித்தளை நிரந்தரமாக விரிந்துவிடும்; திரும்பி வரும் எஃகு அதை இறுக்கிப் பிடிக்கும். சேம்பர் சுவர் கரடாக இருந்தால் பித்தளை அந்தக் குழிகளுக்குள் புகுந்துகொள்ளும். கரியும் அழுக்கும் படிந்திருந்தால் இடைவெளியே அடைபட்டுப் போகும்.

கூட்டின் வடிவத்துக்கும் பங்கு உண்டு. பழைய .303 தோட்டா அடியிலிருந்து முனைக்கு நன்றாகக் குறுகும். ஒரு நூலளவு பின்னால் நகர்ந்தாலே சுவரை விட்டு விலகிவிடும். .308இன் உடல் கிட்டத்தட்ட நேர்க்குழாய். வெளியே வரும் வழி நெடுகச் சுவரை உரசிக்கொண்டுதான் வரும், அதனால் சேம்பரில் சின்னக் குறை இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

போல்ட்டைத் திறப்பதில் இரண்டு அசைவுகள் இருக்கின்றன. கைப்பிடியை மேலே தூக்குவது ஒன்று, பின்னால் இழுப்பது இன்னொன்று. "போல்ட் கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. எந்த அசைவில், எந்த இடத்தில் கஷ்டம் என்று சொல்ல வேண்டும். தூக்கும்போது பெரும்பாலான நவீன ரைபிள்களில் தோட்டாவின் அடியில் குத்தும் ஊசியின் ஸ்பிரிங்கும் சேர்ந்து அமுங்குகிறது. அதனால் காலித் துப்பாக்கியிலேயே கொஞ்சம் பலம் வேண்டியிருக்கும். தூக்கலின் கடைசிப் பகுதியில்தான் முக்கியமான வேலை நடக்கிறது. கைப்பிடியின் அடிப்பகுதி ரிசீவரில் (போல்ட் ஓடும் உடற்பகுதி) உள்ள ஒரு சரிவில் ஏறி, போல்ட் முழுவதையும் சற்றே பின்னால் தள்ளும். இறுகிப் போன எவர்சில்வர் சம்படத்தைக் கரண்டிக் காம்பால் ஒரு நெம்பு நெம்பிவிட்டு அப்புறம் கையால் திறப்போமே, அந்த முதல் நெம்பு இதுதான். கூட்டைச் சுவரிலிருந்து பெயர்ப்பது இந்தச் சரிவு. நாம் இழுப்பது பெயர்ந்த கூட்டை வெளியே கொண்டுவர மட்டும்.

தூக்கவே முடியவில்லை என்றால் நான் அழுத்தத்தைச் சந்தேகிப்பேன், அல்லது போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் பூட்டுப் பற்கள் கிரீஸ் இல்லாமல் வறண்டு உரசுகின்றன. தோட்டாவைப் போட்டு மூடும்போதே இறுக்கமாக இருந்து, திறக்கும்போதும் அப்படியே இருந்தால் கூடு சேம்பருக்கு நீளம். தூக்குவது லேசாக இருந்து, பின்னால் இழுக்க மட்டும் வரவில்லை என்றால் கூட்டின் உடல் சுவரில் ஒட்டியிருக்கிறது, அல்லது அந்த நெம்பு சரியாக நடக்கவில்லை. போல்ட் முழுதாக லேசாகத் திறந்து, கூடு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டால், அப்போதுதான் எக்ஸ்ட்ராக்டர் பக்கம் திரும்ப வேண்டும். அப்போதும் முதலில் கொக்கியின் அடியில் பித்தளைத் துகளும் கரியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல் குத்தும் குச்சியும் கொஞ்சம் சால்வென்ட்டும் போதும், புதுக் கொக்கி வாங்கத் தேவைப்படாமலே போகலாம்.

என் ரைபிளில் தூக்குவது லேசு, இழுப்பது கஷ்டம். காலியாக இருக்கும்போது போல்ட் வெண்ணெய்யாக ஓடியது. சுடாத கடைத் தோட்டாக்களை ரேஞ்சில் வைத்துப் போட்டு எடுத்தேன், ஒரு தடங்கலும் இல்லை. இரண்டு வெவ்வேறு நிறுவனத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி ஒட்டின. ஆக, தோட்டா குற்றவாளி இல்லை. ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். தோட்டாவையும் மாற்றி, சேம்பரையும் துடைத்து, கிரீஸும் போட்டு, சரியாகிவிட்டது என்றால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும். அடுத்த மழைக்காலத்தில் அது திரும்ப வந்து நிற்கும்.

அப்புறம் சுட்ட கூடுகளை மேசையில் வரிசையாக வைத்து, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். இந்த வேலையை நிறையப் பேர் செய்வதில்லை. சுட்ட கூடுதான் சேம்பரின் அச்சு. உள்ளே என்ன இருக்கிறதோ அதை அப்படியே எழுதிக்கொண்டு வெளியே வரும். அதிக அழுத்தம் என்றால் அடிப்புறத்தில், கூட்டை வெளியே தள்ளிவிடும் எஜெக்டரின் துளை வட்டம் பளபளவென்று பதிந்திருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் ஓரம் வரை தட்டையாகியிருக்கும். பிரைமரை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லக் கூடாது, சில பிரைமர்கள் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகும். என் கூடுகளில் அவை இரண்டும் இல்லை. மாறாக, கழுத்துக்குக் கீழே உடலின் ஒரு பக்கத்தில் மங்கலான, சொரசொரப்பான ஒரு திட்டு இருந்தது, அதிலிருந்து நீளவாக்கில் கீறல்கள். எல்லாக் கூடுகளிலும் விளிம்பிலிருந்து அதே உயரத்தில், அதே வடிவத்தில். மண்ணோ தூசியோ ஏற்படுத்திய கீறல் என்றால் கூட்டுக்குக் கூடு இடம் மாறும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது சுவரில் இருக்கிறது. இன்னும் உறுதி செய்ய, தோட்டாவின் அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கோடு மேலே இருக்கும்படி ஒவ்வொன்றாகக் கையால் சேம்பரில் வைத்துச் சுட்டேன். போல்ட் மூடும்போது தோட்டா சற்றுச் சுழலலாம், அதனால் கடிகார முள் மாதிரித் துல்லியம் கிடைக்காது. ஆனாலும் திட்டு எப்போதும் கீழ்ப் பாதியில்தான் விழுந்தது.

பேரலைச் சுத்தம் செய்கிறவர்கள் கூட சேம்பரை விட்டுவிடுகிறார்கள். பேரலுக்கான பிரஷ் சேம்பரின் அகலத்துக்குச் சுவரைத் தொடாமலே போய்வரும். சேம்பருக்கென்று தனி பிரஷ் இருக்கிறது, விலையும் பெரிதில்லை. சால்வென்ட்டில் நனைத்துச் சுழற்றி, ஊற விட்டு, துணியால் துடைத்தேன். கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. முந்தைய உரிமையாளர் அங்கே கை வைத்த அடையாளமே இல்லை. துடைத்து முடித்ததும் நிலைமை ஓரளவு தேறியது, முழுதாக இல்லை. போனில் சொருகிப் பார்க்கும் மலிவான குழாய்க் கேமரா ஒன்றை விட்டுப் பார்த்தபோது, கரி போன இடத்தில் துருக் குழிகள் தெரிந்தன.

கன்ஸ்மித் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதைச் சைலன்சரோடு நிறுத்தி வைத்திருந்தார்களா?" சுடும்போது உண்டாகும் வாயுவில் நீராவியும் இருக்கிறது. அது சைலன்சருக்குள் குளிர்ந்து தண்ணீராகிக் கரியோடு கலந்து நிற்கும். வேட்டை முடிந்து அப்படியே கழற்றாமல், வாய் மேல்நோக்கி அலமாரியில் நிறுத்தினால் அந்த அழுக்கு நீர் பேரல் வழியாக இறங்கி, சேம்பர் வரை வந்து தேங்கும். இந்த ரைபிளுக்கு அதுதான் நடந்தது என்று அவர் நினைத்தார். பழைய உரிமையாளரிடம் கேட்க வழியில்லை. ஆனால் குழிகள் இருந்த இடத்தைப் பார்த்தால் அவர் சொன்னது பொருந்துகிறது. இப்போது என் வழக்கம், காரில் ஏறும் முன்பே சைலன்சரைக் கழற்றிவிடுவது. வீட்டில் அதைத் தனியாகக் காய வைத்து, ரைபிளை வாய் கீழ்நோக்கியோ படுக்கையாகவோ ஓர் இரவு விட்டு, அப்புறம்தான் பெட்டிக்குள் வைக்கிறேன்.

குழிகள் ஆழமில்லாததால் சேம்பரை லேசாகப் பாலிஷ் செய்தாலே போதும் என்றார். சில்லறை வேலைதான், ஆனால் வீட்டு டிரில்லில் உப்புத்தாளைச் சுற்றி நாமே செய்து பார்க்கக் கூடாத வேலை. ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்தால் வட்டம் கெடும், கழுத்தை நோக்கிக் குறுகும் தோள் பகுதியில் தேய்த்துவிட்டால் ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட் முகப்புக்கும் அந்தத் தோளுக்கும் உள்ள தூரம், மாறும், அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. குழி ஆழமாக இருந்திருந்தால் பேரலைக் கொஞ்சம் வெட்டி உள்ளே தள்ளிச் சேம்பரைப் புதிதாகக் கடைவது, அல்லது புதுப் பேரல் போடுவது, இரண்டில் ஒன்றுதான். பாலிஷுக்குப் பிறகு கூடு சூட்டிலும் சுலபமாக வருகிறது. குழிகளின் நிழல் மட்டும் கூட்டில் இன்னும் மங்கலாகப் பதிகிறது.

சேம்பர் சுத்தமானதும் பலர் பாசத்தில் எண்ணெய் பூசிவிடுவார்கள். பெட்டியில் வைக்கும்போது மெல்லிய பூச்சு நல்லதுதான், சுடுவதற்கு முன் அதை உலர்ந்த துணியால் துடைத்தாக வேண்டும். எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காமல் பின்னால் வழுக்கி, போல்ட்டின் மேல் விழும் உதை கூடும். கூடு லேசாக வரட்டும் என்று தோட்டாவுக்கே எண்ணெய் தடவுகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

தம்பியின் கதை வேறு. அவன் தோட்டாவைத் தானே நிரப்புகிறவன். அவனுடையதும் .308தான். அவன் ரைபிளில் கைப்பிடி முக்கால்வாசி லேசாக எழும்பி, உச்சியில் போய் இறுகி, 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விடும். மருந்து கூடிவிட்டதோ என்று அவன் பயந்தான். அவன் போட்டது ஏஆர்2208, அமெரிக்காவில் வர்கெட் என்ற பெயரில் விற்கப்படுவதும் அதே ஆஸ்திரேலிய மருந்துதான். அளவோ கையேட்டின் உச்சத்துக்கு நன்றாகக் கீழே. பிரைமர் உருண்டையாக இருந்தது, எஜெக்டர் அச்சும் இல்லை. கடைத் தோட்டா போட்டால் அந்த 'டக்' கேட்பதே இல்லை. அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

அவன் கூடுகள் ரேஞ்சில் பொறுக்கியவை, வேறு யாருடைய அகலமான சேம்பரிலோ பல முறை வெடித்தவை. கூட்டின் அடி, விளிம்புக்குச் சற்று மேலே, தடித்த கெட்டிப் பித்தளை. அங்கே ஒரு முறை உப்பிவிட்டால் கூட்டை நெருக்கி அளவாக்கும் சாதாரண டை அதை முழுதாகப் பழைய அளவுக்கு நெருக்குவதில்லை. கைப்பிடி உச்சிக்கு வரும்போது நெம்பு அந்த உப்பிய அடியோடு மல்லுக்கட்டுகிறது. அளவுகோலால் அவனுடைய மறு அளவாக்கிய கூட்டையும் கடையில் வாங்கிய புதுக் கூட்டையும் அடியில் அளந்தபோது வித்தியாசம் தெரிந்தது. அடியை மேலும் நெருக்கும் தனி டை விற்கிறார்கள். அவன் பொறுக்கிய பித்தளையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கூடுகள் வாங்கினான், எனக்குக் கேட்டால் அதுதான் மலிவு. கூடவே ஒன்று: தன் ரைபிளிலேயே சுட்ட கூட்டைத் திரும்ப நிரப்புகிறவர்கள் தோளை எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறோம் என்று அளந்து பார்க்க வேண்டும். போல்ட் ரைபிளுக்கு 0.05 மில்லிமீட்டர் அளவில் தள்ளினால் போதும். தள்ளாமலே விட்டால் மூடவும் திறக்கவும் இறுகும். அதிகமாகத் தள்ளினால் ஒவ்வொரு முறையும் கூடு நீண்டு, அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துவிடும்.

இந்த மெலிவைப் பற்றி இங்கே பழைய .303 லீ என்ஃபீல்டு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நியூசிலாந்துப் பண்ணை வீடுகளில் போருக்குப் பிறகு வந்த அந்தத் துப்பாக்கிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றின் பூட்டுப் பற்கள் போல்ட்டின் பின்பகுதியில் இருப்பதால் சுடும்போது போல்ட் சற்று அமுங்கும். சேம்பர்களும் தாராளமாகக் கடையப்பட்டவை. கூடு நன்றாக நீளும். அதையே திரும்பத் திரும்ப நிரப்பினால் ஒரு நாள் அடி மட்டும் வெளியே வரும், மீதிக் குழாய் சேம்பரிலேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா உள்ளே போக மறுக்கும்போதுதான் தெரியும். உடைந்த கூட்டை எடுக்கும் சின்னக் கருவி ஒன்றை ராணுவமே அப்போது கொடுத்திருந்தது, இன்றும் கிடைக்கிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள, ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மடக்கி, கூட்டுக்குள் விட்டு அடியோரம் மெல்ல வருடுங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூடு குப்பைக்கு. வெளியே அதே உயரத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தாலும் அப்படியே.

இவ்வளவும் பார்த்தும் விடை கிடைக்காமல், தூக்கல் லேசாகவும் இழுவை கடினமாகவும் இருந்தால், அந்த முதல் நெம்பைக் கன்ஸ்மித்திடம் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடி ஒரு துளி தவறான இடத்தில் பற்றவைக்கப்பட்டிருந்தால் அடிப்பகுதி சரிவைத் தொடாமலே மேலே போய்விடும், பெயர்க்கிற வேலை முழுவதும் நம் கையின் இழுப்பில் விழும். அதைக் கழற்றித் திரும்பச் சரியான இடத்தில் பற்றவைக்கும் கன்ஸ்மித்கள் இருக்கிறார்கள்.

அவரிடம் போகும்போது ரைபிளை மட்டும் கொடுக்காதீர்கள். ஒட்டிய கூடுகளைத் துடைக்காமல் ஒரு பையிலும், சுலபமாக வந்தவற்றை இன்னொரு பையிலும் போட்டு, எந்தத் தோட்டா, பேரல் சூடாக இருந்ததா என்று மேலே எழுதிக் கொண்டுபோங்கள். வெடிக்காத தோட்டாவை ரைபிளோடு கொண்டுபோக வேண்டாம், அவர் கேட்டால் தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.